மூன்று அட்டை குறைவு

1

இந்தக் கதை ஓர் ஈரத்துணியில் தொடங்கியது. கௌரவமான காரணம் எதையாவது சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நிலம் என்னை அழைத்தது, காற்று காதில் வந்து சொன்னது என்றெல்லாம் எழுதினால் படிக்கிறவர்களுக்கு ஒரு மரியாதை வரும். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. பொறாமைதான். கூடப்பிறந்த தம்பி மேல் வந்த சுத்தமான, கலப்படமில்லாத பொறாமை.

நான் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். அன்று காலை என் மேசையில் இருந்தது ஆறாம் வகுப்புப் புத்தகம், நாலாம் பாடம்: ‘நமது மாகாணத்தின் நிலமும் காலநிலையும்’. ஜன்னலைச் சாத்தியும் காகிதத்தின் மேல் புழுதி படிந்தது. ஒவ்வொரு பக்கத்தையும் ஊதிவிட்டுத்தான் படிக்க வேண்டியிருந்தது. எங்கள் தெருவுக்கு அன்றும் தண்ணீர் லாரி வரவில்லை. ‘மலையின் மேற்குச் சரிவு மாகாணத்திலேயே அதிக மழை பெறுகிறது’ என்ற வரியில் ‘மழை’ ‘மலை’ என்று விழுந்திருந்தது. அதைத் திருத்திக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

“அக்கா, என்ன பண்றே?”

“வேலையா இருக்கேன். சொல்லு.”

“ஒண்ணுமில்ல. இங்க நாலு நாளா துணி காயலக்கா. விடாம மழை. வெறுத்துப் போச்சு.”

அதற்குப் பிறகும் அவன் மூன்று வாக்கியம் சொன்னான். கதைக்குத் தேவையில்லை என்பதால் விட்டுவிட்டேன். நான் “பாக்கலாம்” என்று சொல்லி போனை வைத்தேன்.

துணி காயவில்லையாம்! எனக்கு வயிறு எரிந்தது. ஒரு பக்கெட் தண்ணீரில் குளித்து, அதே தண்ணீரில் துணி அலசி, மிச்சத்தை வாசலில் தெளிக்கிறவளிடம் வந்து மழை அதிகம் என்று சலித்துக்கொள்கிறான். சாப்பாட்டைப் பார்த்து மூன்று நாளானவன் பக்கத்தில் உட்கார்ந்து ஏப்பம் விடுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

(எங்களுக்கு நடுவில் இருப்பது ஒரே ஒரு மலை. காக்கை நேராகப் பறந்தால் ஐம்பது மைல்கூட வராது. அவன் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். கடலிலிருந்து வருகிற மேகம் அவன் வீட்டு ஓட்டின் மேல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, வெறும் கையோடு எங்கள் பக்கம் வரும். பாடப்புத்தகத்தில் இதற்கு மழைமறைவுப் பகுதி என்று பெயர். பரீட்சையில் இரண்டு மதிப்பெண்.)

2

முதல் தொடக்கம்:

‘ஒரே மாகாணத்துக்குள் ஐந்து உலகங்கள்! பனியும் பாலையும் கைகோத்து —’

சுற்றுலாத்துறைக்காரர்கள் பேருந்து நிலையத்தில் கொடுக்கிற துண்டுத்தாள் மாதிரி இருக்கிறது. அடித்துவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்:

‘அண்ணன் தம்பி இரண்டு பேர். மூத்தவன் வறண்ட ஊரில் இருந்தான். இளையவன் —’

அண்ணன் தம்பி என்றால் இரண்டாம் பக்கத்தில் பாகப்பிரிவினை வந்துவிடும், மூன்றாம் பக்கத்தில் வக்கீல் வந்துவிடுவார். எனக்கு வேண்டியது அந்தச் சண்டை இல்லை. வெளியில் சொல்லமுடியாத சண்டை. அடித்துவிட்டேன்.

மூன்றாம் தொடக்கம்:

‘காலை ஏழேகால் மணிக்கு வானொலியில் வானிலை அறிக்கை வாசிப்பார்கள். வடக்குச் சிகரங்களில் பனிப்பொழிவு. மேற்குச் சரிவில் கனமழை. கரையோரத்தில் புழுக்கம். கிழக்கே உப்புவெளியில் அனல்காற்று. நடுச் சமவெளியில் வானம் தெளிவாகக் காணப்படும்.’

இதை அடிக்கவில்லை. நடுச் சமவெளி என்பது நாங்கள்தான். பதினொரு வருஷமாக எங்கள் வானம் தெளிவாகக் காணப்படுகிறது. வாசிக்கிற அம்மாவின் குரலில் அதற்காக ஒரு பாராட்டு வேறு தொனிக்கும்.

யோசித்துப் பார்த்தால் இந்த மாகாணம் ஒன்றாக இருப்பதே அதிசயம். எல்லோருக்கும் ஒரே தபால்தலை, ஒரே பள்ளிப் புத்தகம், ஒரே விடுமுறைப் பட்டியல். கோடை விடுமுறை என்று ஒரே தேதியில் அறிவிப்பார்கள். அந்தத் தேதியில் வடக்கே பிள்ளைகள் கம்பளிச் சட்டையோடு வீட்டுக்குப் போவார்கள். கரையோரத்தில் சட்டையே போடாமல் போவார்கள். என் தம்பியின் பிள்ளைகள் குடையோடு போவார்கள். எங்கள் தெருப் பிள்ளைகள் வாயையும் மூக்கையும் கைக்குட்டையால் கட்டிக்கொண்டு போவார்கள். வெவ்வேறு நாடாக இருந்திருந்தால் பொறாமை வந்திருக்காது. எங்கோ வெளிநாட்டில் மழை பெய்தால் யாருக்கு வயிறு எரியும்? ஒரே மாகாணம் என்பதால் எரிகிறது. ஒரே வயிற்றில் பிறந்ததால் இன்னும் கொஞ்சம் அதிகமாக எரிகிறது.

3

தம்பியைத் தங்கச்சியாக மாற்றினேன். ஆணைப் பெண்ணாக்கிவிட்டால் அவனுக்கு அடையாளம் தெரியாது என்பது என் கெட்டிக்காரத்தனம். என்னை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மாகாண அருங்காட்சியகத்தில் வேலை பார்க்கிற ஒரு பெண்ணை வைத்தேன். கையிலும் தலைமுடியிலும் எப்போதும் வெள்ளையாக ஏதாவது ஒட்டியிருப்பதால் அங்கே அவளுக்குப் பிளாஸ்டரம்மா என்று பெயர். வயது நாற்பத்தாறு. கோபம் வந்தால் பேசமாட்டாள், கத்தியைத் தீட்டுவாள். அட்டை வெட்டுகிற கத்தியைத்தான்.

அருங்காட்சியகத்தின் பின்கட்டில் ஒரு நீண்ட அறை. அதில் பன்னிரண்டு அடி நீளம், எட்டு அடி அகலத்துக்கு ஒரு மேசை. அந்த மேசையின் மேல் முழு மாகாணத்தையும் மேடும் பள்ளமுமாகச் செய்து வைப்பதுதான் அவளுக்கு இட்ட வேலை. ஒன்றரை வருஷம் அவகாசம். திறப்பு விழாவுக்குத் தேதியும் குறித்தாயிற்று.

அவள் வேலை செய்கிற விதத்தைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் உதவும். நிலப்படத்தில் ஒரே உயரத்தில் இருக்கிற இடங்களையெல்லாம் சேர்த்துக் கோடு போட்டிருப்பார்கள். ஒவ்வொரு கோட்டையும் கெட்டி அட்டையில் படியெடுத்து, வெட்டி, ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டே போக வேண்டும். கடற்கரைக்கு ஓர் அட்டை போதும். நடுச் சமவெளிக்கு மூன்று. மேற்கு மலைக்கு இருபத்திரண்டு. ஒட்டி முடித்ததும் பார்த்தால் மலை படிக்கட்டு மாதிரி நிற்கும். அதன் மேல் ஈரக் காகிதமும் பிளாஸ்டரும் பூசி, உப்புத்தாளால் தேய்த்து, வண்ணம் அடித்தால் மலை மலையாகிவிடும்.

இதில் ஒரு பொய் இருக்கிறது. நீள அகலத்தைச் சுருக்குகிற அதே கணக்கில் உயரத்தையும் சுருக்கினால், மேசைவிரிப்பில் விழுந்த மடிப்பு அளவுக்குத்தான் மலை தெரியும். அதனால் உயரத்தை மட்டும் ஆறு மடங்கு கூட்டிக்கொள்வார்கள். தொழிலில் எல்லோரும் ஒப்புக்கொண்ட பொய். ‘உயரம் ஆறு மடங்கு’ என்று மேசையின் மூலையில் எழுதியும் வைப்பார்கள். நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: எல்லா மேட்டுக்கும் ஒரே மடங்கு.

(கதை எழுதுகிற தொழிலில் அந்த நிபந்தனை கிடையாது. வேண்டியவர்களை ஆறு மடங்கு உயர்த்தலாம், வேண்டாதவர்களை அரை மடங்காகக் குறைக்கலாம். மூலையில் எழுதி வை என்று யாரும் கேட்பதில்லை.)

தங்கச்சி மேற்கு மலையில் இருக்கிறாள். மழையை அளக்கிற உத்தியோகம். காலை எட்டரைக்குப் போய்க் குப்பியில் எவ்வளவு விழுந்திருக்கிறது என்று பார்த்து எழுதவேண்டும். பதினொரு வருஷத்துக்கு முன்னால் அக்கா தங்கை இருவருக்கும் ஒரே இலாகாவில், ஒரே மாதத்தில் வேலை கிடைத்தது. காலியிடம் இரண்டு. ஒன்று மலையில், இன்னொன்று சமவெளியில். மூத்தவள் என்பதால் முதலில் கேட்டது அவளைத்தான். அவள் மலை என்று எழுதி, கையெழுத்தும் போட்டுவிட்டாள்.

“அக்கா, எனக்குத் தூசி ஒத்துக்காதுன்னு உனக்குத் தெரியும்ல?” என்றாள் தங்கச்சி. அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சு இழுப்பு.

அக்கா அந்தத் தாளை வாங்கி, மலை என்பதை அடித்துவிட்டுச் சமவெளி என்று எழுதினாள். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அதனால்தான் யாரையும் குறை சொல்லவும் முடியவில்லை.

(இந்தப் பகுதி கற்பனை இல்லை. உத்தியோகத்துக்குப் பதில் வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா வைத்துவிட்டுப் போனது இரண்டு வீடு. “நீ மலை வீட்டை எடுத்துக்கோடா, உனக்கு அந்தக் காத்துதான் ஒத்துக்கும்” என்று சொன்னது என் வாய்தான். சொன்ன நாளிலிருந்து அந்த வாயை நான் மன்னிக்கவில்லை.)

4

இனி அவள் செய்த காரியம். இதை மூன்று தடவை எழுதி மூன்று தடவை கிழித்தேன். பதினொரு வருஷமாக நூல் பிசகாமல் வேலை செய்கிறவள் இப்படிச் செய்வாளா என்று எனக்கே சந்தேகம். கடைசியில், அவள் இடத்தில் என்னை வைத்துப் பார்த்தேன். செய்வாள்.

தங்கச்சியிடமிருந்து வாரம் ஒரு படம் வரும். அந்த வாரம் வந்தது வீட்டுச் சுற்றுச்சுவர். சுவர் முழுக்கப் பச்சை வெல்வெட் துணி போட்டு மூடிய மாதிரி பாசி. கூடவே குரல் பதிவு: “பாருக்கா, சுவரெல்லாம் பாசி. சுரண்டிச் சுரண்டிக் கை விட்டுப் போச்சு. உனக்கென்ன, நிம்மதியா இருக்கே.”

பிளாஸ்டரம்மா அதை இரண்டு தடவை கேட்டாள். அப்போது அவள் மேற்கு மலைக்கான அட்டைகளை வெட்டி முடித்து, வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றின் மூலையிலும் பென்சிலால் எண் போட்டு வைத்திருந்தாள். பதினாறாவது வரைக்கும் ஒட்டியாகிவிட்டது. தலையைத் தூக்கி ஜன்னலைப் பார்த்தாள். வானம் தெளிவாகக் காணப்பட்டது.

உனக்கென்ன.

பதினேழாவது அட்டையை எடுத்து மேசையின் அடி இழுப்பறையில் வைத்தாள். பதினெட்டையும் வைத்தாள். பத்தொன்பதையும் வைத்தாள். பிறகு பதினாறின் மேல் பசை தடவி இருபதை ஒட்டினாள். நிதானமாகத்தான் செய்தாள். இருபத்தொன்று, இருபத்திரண்டு எல்லாம் ஒட்டி, பிளாஸ்டரை வழித்துப் பூசிச் சரிவைச் சமப்படுத்தியபோது, மாகாணத்திலேயே மழைக்குப் பேர்போன மலை மூன்று அட்டை குட்டையாக நின்றது. கண்ணால் பார்த்து யாரும் சொல்லமுடியாது. அவளுக்கு மட்டும் தெரியும். அன்று மதியம் சாப்பாடு ருசியாக இருந்தது.

(அட்டைகளை அவள் ஏன் குப்பையில் போடவில்லை என்று கேட்பீர்கள். எனக்கும் தெரியவில்லை. போட்டுவிடு என்று எழுதிப் பார்த்தேன். கை ஓடவில்லை.)

இதோடு நின்றிருந்தால் அவளுக்கும் இலையை மடித்த மாதிரி விஷயம் முடிந்திருக்கும். ஆனால் அருங்காட்சியகத்தின் பொறுப்பாளருக்கு ஓர் ஆசை. வெறுமனே மேடு பள்ளம் காட்டினால் போதாது, காலநிலையையும் காட்டவேண்டும் என்றார். கடல் ஓரத்தில் சிறு குழாய்களிலிருந்து புகை மாதிரி நீர்த்தூறல் கிளம்பும். பின்னாலிருந்து ஒரு விசிறி அதைத் தள்ளும். தூறல் மிதந்து வந்து மேற்கு மலையில் முட்டி, அந்தச் சரிவிலேயே இறங்கும். மலைக்கு இந்தப் பக்கம் ஒரு சொட்டு விழாது. பொத்தானை அமுக்கினால் மழைமறைவுப் பகுதி என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குக் கண்ணெதிரே தெரிந்துவிடும்.

அதனால் மலையின் மேற்குச் சரிவுக்கு மட்டும் வார்னிஷ் அடித்து, அடியில் தண்ணீர் வடிய ஓட்டை போட்டார்கள். கிழக்குப் பக்கத்துக்கு வார்னிஷ் எதற்கு? அங்கேதான் மழையே வராதே. நடுச் சமவெளியை வெறும் சுண்ணத்தூளும் பசைநீரும் கலந்து பழுப்பாக விட்டாள். தன் ஊரைத் தீக்குச்சிகளை வெட்டி வீடு வீடாகச் செய்து வைத்தாள். அருங்காட்சியகத்தையும் வைத்தாள். அதன் பின்கட்டையும் விடவில்லை.

பைப் வேலை செய்கிறவர் வந்து சொன்னார்: “மலை இருபத்திரண்டு அட்டை உயரம்னு வரைபடத்துல போட்டிருக்கும்மா. அந்தக் கணக்குக்கு விசிறியை வெச்சுட்டேன். தூறல் சரியா உச்சிக்குக் கொஞ்சம் கீழ போய் அடிக்கும்.”

“சரிங்க” என்றாள் பிளாஸ்டரம்மா.

அவளுக்கு உறைக்கவில்லையா? உறைக்கவில்லை. அவள் வேலை அப்படி. பதினொரு வருஷமாக மலை என்றால் அவளுக்கு அட்டை, மழை என்றால் நீல வண்ணம். மலையைக் குறைத்தால் மழை என்ன செய்யும் என்பது மழையை அளக்கிறவர்களுக்குத் தோன்றும். அட்டையை அளக்கிறவளுக்குத் தோன்றவில்லை. சோதித்துப் பார்க்கலாம் என்றால் வண்ணம் ஈரமாக இருந்தது. நேராகத் திறப்பு விழாவிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள்.

5

திறப்பு விழாவுக்குத் தங்கச்சி வந்தாள். கையில் குடை.

“இங்க எதுக்குடி குடை?” என்றாள் அக்கா.

“பழக்கதோஷம்க்கா. குடை இல்லாம கிளம்பினா செருப்புப் போடாம வந்த மாதிரி இருக்கு.”

சிரித்தாள். கன்னம் பளபளவென்று இருந்தது. அக்காவின் முழங்கையில் தோல் வெள்ளை வெள்ளையாக உரிந்திருந்தது. முழங்கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

(இந்த இடத்தில் தங்கச்சி இரண்டு தடவை இருமினாள். முதல் படியில் எழுதியிருந்தேன். பிறகு எடுத்துவிட்டேன். பளபளக்கிற கன்னத்தோடு இருமல் ஒட்டவில்லை.)

“எங்க வீடு எங்கக்கா இருக்கு?”

“அந்தச் சிவப்புப் புள்ளி.”

தங்கச்சி குனிந்து, மேசை மட்டத்துக்குக் கண்ணை வைத்து, புள்ளியைப் பார்த்தாள். புள்ளியிலிருந்து உச்சியைப் பார்த்தாள். தினம் காலை எட்டரைக்கு மழைக்குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்க்கிற உச்சி. வெகுநேரம் பார்த்தாள். நிமிர்ந்தபோது முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“அழகா இருக்குக்கா” என்றாள்.

பொறுப்பாளர் பேசி முடித்தார். ஒரு பள்ளிக்கூடப் பெண் வந்து பொத்தானை அமுக்கினாள். கடலோரத்தில் தூறல் எழுந்தது. விசிறி சுற்றியது. வெள்ளையாக, மெதுவாக, ஒரு குட்டி மேகம் கரையைக் கடந்து, சதுப்பைக் கடந்து, மலையை நோக்கிப் போயிற்று. எல்லோரும் ஆ என்றார்கள்.

மேகம் மலையில் முட்டவில்லை. உச்சிக்கு மேலே ஒரு விரற்கடை உயரத்தில் சாவகாசமாகத் தாண்டி, இந்தப் பக்கம் வந்து, நடுச் சமவெளியின் மேல் இறங்கியது.

பதினொரு வருஷத்தில் முதல் மழை. ஒரே ஒரு நொடி, உண்மையைச் சொல்கிறேன், பிளாஸ்டரம்மாவுக்குச் சந்தோஷமாக இருந்தது. தன் ஊரில் மழை பெய்வதை அவள் பார்த்துவிட்டாள். அடுத்த நொடி பழுப்பு நிலம் பொங்கி உப்பியது. வண்ணம் கரைந்து ஓடியது. தீக்குச்சி வீடு ஒன்று சாய்ந்தது. ஒன்றரை வருஷ உழைப்பு, அவள் பெயர், அவள் உத்தியோகம், எல்லாம் அந்தத் தூறலில் நனைய ஆரம்பித்தது. விசிறி ஒரு தடவை ஓட ஆரம்பித்தால் மூன்று நிமிஷம் ஓடும். நடுவில் நிறுத்த வழி வைக்கவில்லை.

6

இங்கே எனக்குக் கதை நின்றுவிட்டது. முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு: தங்கச்சி குடையை விரித்துச் சமவெளியின் மேல் பிடிக்கிறாள். எல்லோரும் கைதட்டுகிறார்கள். (குடையைக் கொண்டுவந்ததே இதற்குத்தான் என்று நீங்கள் முன்பே கண்டுபிடித்திருப்பீர்கள். அதனால் வேண்டாம்.)

இரண்டாம் முடிவு: “நீதானே குறைச்சே?” என்று தங்கச்சி எல்லோர் முன்னாலும் கேட்கிறாள். பதினொரு வருஷம் வாய்க்குள் கிடந்ததையெல்லாம் அக்கா கொட்டுகிறாள். மூன்று பக்கம் எழுதினேன். என் வாழ்க்கையிலேயே அவ்வளவு வேகமாக எழுதியதில்லை. படித்துப் பார்த்தால் வசனம் முழுக்க நான் என் தம்பியைத் திட்டியிருந்தேன்.

மூன்றாம் முடிவு —

இதை நான் எழுதவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தப் பகுதியைத் தனியாகப் பிரித்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை தம்பி மறுபடி கூப்பிட்டான். முதல் நாள் சொன்ன மூன்று வாக்கியத்தைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை. வேறு என்ன பேசுவது என்று தெரியாமல், ஒரு கதை எழுதுகிறேன், கேட்கிறாயா என்றேன். பொத்தான் அமுக்குகிற வரைக்கும் படித்துக் காட்டினேன். அவன் நடுநடுவே இருமினான். படித்து முடித்தேன். ஓட்டின் மேல் மழை விழுகிற சத்தம் போனில் கேட்டது.

“அவ கையை வெச்சிருப்பாக்கா” என்றான்.

“என்னது?”

“தங்கச்சி. மலை உச்சியில கையை நிமித்தி வெச்சிருப்பா. எவ்ளோ குறையுதோ அவ்ளோ உயரத்துக்கு. அவளுக்குத்தான் அந்த உயரம் தெரியுமே.”

என்னுடைய மூன்று பக்கத்தை அவன் ஒரே மூச்சில் தாண்டிவிட்டான். மழைதான் அவனுக்கு என்றால் கதையும் அவனுக்கா! நன்றாக இல்லை என்று சொல்லிவிடலாமா என்று வாய்வரைக்கும் வந்தது. அதையே வேறு வார்த்தையில் சொல்லியும்விட்டேன். “பாக்கலாம்” என்றேன். இப்போதெல்லாம் அவனுக்கு நான் சொல்கிற பதில் அது ஒன்றுதான்.

நான்கு நாள் வீம்பாக இருந்தேன். பிறகு அவன் சொன்னபடியே எழுதினேன், வேறு எதுவும் அந்த இடத்தில் நிற்கவில்லை:

தங்கச்சி குடையைக் கீழே போட்டாள். மேசை மேல் வயிறு பட எக்கி, வலது கையை நீட்டி, மேற்கு மலையின் உச்சியில் உள்ளங்கையைக் குறுக்காக நிறுத்தினாள். கொஞ்சம் தாழ்த்தினாள். சரியான உயரம் வந்ததும் அசையாமல் வைத்துக்கொண்டாள். மேகம் அவள் கையில் முட்டியது. முட்டி, திரும்பி, மேற்குச் சரிவில் இறங்கியது. மணிக்கட்டிலிருந்து தண்ணீர் சொட்டிச் சிவப்புப் புள்ளியின் மேல் விழுந்தது. இந்தப் பக்கம் அதற்கு மேல் ஒரு சொட்டு வரவில்லை. பிள்ளைகள் அதுவும் ஏற்பாட்டில் சேர்த்தி என்று நினைத்துக்கொண்டார்கள். பொறுப்பாளர் கூட அப்படித்தான் நினைத்தார் போலிருக்கிறது. மிச்ச நேரம் முழுக்க அவள் கையை எடுக்கவில்லை. விரல்கள் குளிரில் சிவந்தன.

விசிறி நின்றது. கூட்டம் அடுத்த அறைக்குப் போயிற்று. அக்காவும் தங்கையும் மட்டும் மேசையருகே நின்றார்கள். அக்கா முந்தானையை நீட்டினாள். தங்கச்சி கையைத் துடைத்துக்கொண்டாள்.

“எத்தனை அட்டைக்கா?” என்றாள்.

7

அந்தக் கடைசிக் கேள்வியும் என்னுடையது இல்லை. கையைப் பற்றிச் சொல்லிவிட்டு, போனை வைப்பதற்கு முன்னால், தம்பி ஒன்று சொன்னான்: “எல்லாரும் போனப்புறம் தங்கச்சி கேட்டிருப்பாக்கா. எத்தனை அட்டைன்னு.” அப்புறம் சிரித்தான். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

தம்பியைத் தங்கச்சியாக்கினால் அடையாளம் தெரியாது என்று நினைத்தேன் பாருங்கள்.

மூன்றுடா. மூன்று அட்டை. முதல் பகுதியில், தேவையில்லை என்று சொல்லி நான் இழுப்பறையில் வைத்த மூன்று வாக்கியம். துணி காயவில்லை என்றதற்கு அப்புறம் அவன் சொன்னவை. எண் போட்டுத்தான் வைத்திருக்கிறேன்.

ஒன்று: “வீட்டுக்குள்ள ஈரம் ஏறிப்போய், எனக்கு அந்தப் பழைய இழுப்பு திரும்ப வந்துடுச்சுக்கா.”

இரண்டு: “உன் மொட்டைமாடி வெயிலை நெனச்சா எனக்குப் பொறாமையா இருக்கு.”

மூன்று: “ஒரு ரெண்டு மாசம் அங்க வந்து இருந்துக்கட்டுமா?”

இதற்குத்தான் நான் “பாக்கலாம்” என்றேன். இன்றோடு பதினாறு நாள் ஆகிறது. அவன் மறுபடி கேட்கவில்லை.

பிளாஸ்டரம்மா தங்கச்சிக்கு என்ன பதில் சொன்னாள் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். இழுப்பறையைத் திறந்து காட்டினாளா, தூறல்தான் சரியில்லை என்று பைப்காரர் மேல் பழி போட்டாளா, வாயே திறக்காமல் கத்தியைத் தீட்டப் போய்விட்டாளா, உங்கள் இஷ்டம். நான் எழுதினால் அவளை நல்லவளாக்கிவிடுவேன், என் பதில் அதற்குள் ஒளிந்துகொள்ளும். நானே இன்னும் அவனுக்குச் சொல்லாத பதிலை அவள் வாயில் எப்படிப் போடுவது?

பொறாமை போய்விட்டதா என்று மட்டும் கேட்காதீர்கள். போகவில்லை. அவன் வந்து என் வெயிலில் உட்கார்ந்து தேறிவிடுவான். தெருவில் எல்லோரும் என்னைவிட அவனிடம்தான் அதிகம் பேசுவார்கள். அவன் வந்த மூன்றாம் நாள் இங்கே மழை பெய்தாலும் பெய்துவிடும், அவன் ராசி அப்படி. “உங்க தம்பி வந்த நேரம்” என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். இப்போதே எனக்குக் காதில் கேட்கிறது.

இன்று மாலை மொட்டைமாடிக்குப் போய்க் கொடிக்கயிற்றில் படிந்திருந்த புழுதியைத் துடைத்தேன். துடைத்துவிட்டு, பக்கத்திலேயே இன்னொரு கயிறும் கட்டினேன். நாலு நாள் துணி என்றானே, ஒரு கயிறு போதாது.